பனியன் துணியில் ஒரு போர்ப்படம்

ஐம்பதைத் தாண்டி அறுபதை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களே, போன ஞாயிற்றுக்கிழமை தியேட்டரில் வைத்து என் மகளின் மானத்தை வாங்கிவிட்டேன். இனி எந்தப் படத்துக்கும் என்னைக் கூட்டிப்போவதாக இல்லை என்று காரில் ஏறும்போதே சொல்லிவிட்டாள். அவள் மேல் தப்பில்லை. போர் சின்னக் குழந்தைகளை என்ன பாடுபடுத்துகிறது என்று காட்டுகிற படம் அது. முன்வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பாப்கார்னை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தேன். சிரித்ததோடு விட்டேனா, பிற்பாதியில் இன்னொரு காரியமும் செய்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மகளுக்குச் சொன்னால் புரியாது. அவள் மாதம் ஒருமுறை விமானத்தில் போய்வருகிறவள். விமானச் சத்தம் கேட்டால் தெருவுக்கு ஓடியவர்கள் நாம்தான்.

சூலூர் விமானப்படைத் தளத்துப் பக்கமிருந்து எப்போதாவது ஒன்று தாழப் பறந்து வருமே, ஞாபகம் இருக்கிறதா? சோறு தின்றுகொண்டிருந்தால் எச்சில் கையோடு ஓடுவோம். குளித்துக்கொண்டிருந்தால் சோப்பு நுரையோடு ஓடுவோம். தலைக்கு மேலே போகும்வரை டாட்டா காட்டிவிட்டு, ஓட்டுகிறவர் என்னைத்தான் பார்த்தார், உன்னைப் பார்க்கவில்லை என்று அரைமணி நேரம் சண்டை போடுவோம். திருப்பூர் வீரபாண்டியில் எங்கள் பெரியப்பாவின் பனியன் கம்பெனியில் பெரியவர்களும் அப்படித்தான். மெஷினை நிறுத்திவிட்டுத் தையல்காரர்கள் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்ப்பார்கள். பெரியப்பா மட்டும் வரமாட்டார். அவருக்கு நாற்காலியிலிருந்து எழுவது சுலபமில்லை. கைவைத்த நாற்காலி என்றால் அவர் எழும்போது அதுவும் கூடவே எழுந்துவிடும், யாராவது பின்னாலிருந்து பிடித்து இழுக்கவேண்டும்.

பெரியப்பாவைப் பற்றி இன்னொன்று. எங்கள் ஊர்ப் பேச்சில் தெரியாதவர்களுக்கும் மரியாதையாக ஒரு ‘ங்க’ உண்டு, தெருவில் போகிற நாய்க்குக்கூட உண்டு என்று கேலி செய்வார்கள். பெரியப்பா அதில் படு கஞ்சன். ஆர்டர் கொடுக்கிற பையருக்கும் பேங்க் மேனேஜருக்கும் கொடுத்ததுபோக மிச்சம் வைத்து அவர் யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

எனக்குப் பத்து வயது இருந்த ஐப்பசியில் அந்தத் தாயும் மகளும் வந்தார்கள். கடலுக்கு அந்தப்புறம் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். படகில் வந்து, முகாமில் இருந்து, யார் யாரிடமோ அனுமதி வாங்கி எங்கள் கம்பெனிக்குப் பிசிறு வெட்டும் வேலைக்கு வந்திருந்தார்கள். கம்பெனிக்குப் பின்னாலிருந்த லைன் வீடுகளில் கடைசி அறையைப் பெரியப்பா கொடுத்தார். அப்பா ஏன் வரவில்லை என்று நான் கேட்டேன். அந்த அம்மா பிசிறு வெட்டுவதை நிறுத்தாமல், அவர் பிறகு வருவார் என்றார். மகளுக்கு ஆறு வயது. பேசமாட்டாள். ஊமை என்றே நினைத்திருந்தேன்.

எங்கள் கூட்டத்துக்கு அவள் ஒரு வரப்பிரசாதமாக வந்து வாய்த்தாள். அந்த வருடம் முழுக்க நாங்கள் போர் விளையாட்டுத்தான் விளையாடினோம். நூல் சுற்றி வருகிற காலிக் கோன்கள்தான் ஆயுதம். அடிப்பக்கத்தைப் பிடித்தால் துப்பாக்கி, எறிந்தால் குண்டு, வாயில் வைத்தால் தளபதியின் ஒலிபெருக்கி. விளையாட்டில் பெரிய சிக்கல் என்னவென்றால் யாரும் சாக ஒத்துக்கொள்ளமாட்டார்கள். பத்து கோன் பட்டாலும், என் மேல் படவே இல்லை என்பார்கள். இந்தப் பிள்ளை மட்டும் கோன் வருவதற்கு முன்பே படுத்துவிடும். குப்புறப் படுத்து, இரண்டு காதையும் பொத்தி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். அப்படி ஒரு சாவை நாங்கள் சினிமாவில்கூடப் பார்த்ததில்லை. அவளுக்காக இரண்டு அணிக்கும் அடிதடி நடந்தது. ஒருநாள் விளையாட்டு முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டோம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் அம்மா தேடிக்கொண்டு வந்தபோதும் அவள் அதே இடத்தில் படுத்திருந்தாள். முடிந்துவிட்டது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. மறுநாள் நான் அவளை எங்கள் அணியின் நிரந்தரப் பிணமாக அறிவித்தேன். பெருமையோடுதான் அறிவித்தேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தீபாவளியன்று காலையில் பெரியப்பா கம்பெனியில் விளக்கேற்றப் போனார். நானும் கூடப் போனேன். துணி ரோல்கள் அடுக்கிவைத்திருந்த குடோனில், ரோல்களுக்கு நடுவே தாயும் மகளும் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். பின்கதவுத் தாழ்ப்பாள் சரியில்லை என்பது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். தீபாவளி நாளில் குடோனுக்குள் என்ன வேலை என்று பெரியப்பா கத்தினார். அந்த அம்மா எழுந்து நின்று, “பிள்ளைக்குச் சத்தம் ஒத்துவராது ஐயா” என்று மட்டும் சொன்னார். பெரியப்பா ரோல்களை எண்ணிப் பார்த்தார். ஒன்றும் குறையவில்லை, ஆனாலும் சந்தேகம் போகவில்லை. நாற்புறமும் துணி இருந்தால் வெடிச் சத்தம் உள்ளே வராது என்பது முப்பது வருடம் துணியோடு கிடந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. பத்து வயது எனக்கும் தோன்றவில்லை. கையில் மத்தாப்புப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த வாரம்தான் துணி சரிந்தது. இதை நன்றாகக் கேளுங்கள், நாற்பது வருடம் கழித்து உங்களிடம்தான் முதல்முறையாக முழுதாகச் சொல்கிறேன்.

வெளிநாட்டுக்குப் போகிற குழந்தைகள் பனியன் ஆர்டர். கட்டிங் டேபிளில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அட்டையை வைத்துக் கோடு போட்டுவிட்டு கட்டிங் மாஸ்டர் டீ குடிக்கப் போயிருந்தார். நானும் அந்தப் பிள்ளையும் டேபிளுக்குப் பக்கத்தில் வெட்டுத்துண்டு பொறுக்கிக்கொண்டிருந்தோம். விமானம் வந்தது. அவள் டேபிளுக்கு அடியில் பாய்ந்தாள். நான் வாசலுக்குப் பாய்ந்தேன். கொக்கி அறுந்த என் பாவாடையில் அம்மா ஒரு ஊக்கு மாட்டியிருந்தாள். அந்த ஊக்கு துணி விளிம்பில் மாட்டி, மேல் அடுக்குகளை நாலு விரலுக்கு இழுத்துவிட்டது. ஊக்கு தெறித்து எங்கேயோ போனது. நான் பாவாடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் டாட்டா காட்டினேன். மாஸ்டர் திரும்பி வந்தார், அவசரத்தில் பார்க்காமல் வெட்டினார். தைத்து முடித்தபோது ஒரு மூட்டைப் பனியனுக்கு இடது தோள் மேலே ஏறியிருந்தது.

துணியை இழுத்தது யார் என்று பெரியப்பா கேட்டார். டேபிளுக்கு அடியில் இருந்தது யார் என்று மாஸ்டர் கேட்டார். இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அவள்தான் வாயே திறக்கமாட்டாளே. நானும் திறக்கவில்லை. கார்த்திகை முதல் தேதிக்குள் அறையைக் காலிசெய்துகொண்டு முகாமுக்கே போய்விடச் சொல்லிவிட்டார் பெரியப்பா. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் அம்மா எனக்குக் கண்ணேறு பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். மிளகாய் நெடி வரவில்லை, அதனால் பெரிய கண் என்று முடிவுசெய்தாள்.

இதற்கு நடுவில்தான் எங்கள் பள்ளிக்கூடத்துச் சமூகப் பாட டீச்சர் படம் காட்டும் ஏற்பாடு செய்தார். தெருவெல்லாம் கோன் பறப்பதைப் பார்த்துவிட்டு, போர் என்றால் என்ன என்று இந்தப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் விடக்கூடாது என்று அவருக்கு வேகம் வந்துவிட்டது. கோயமுத்தூரிலிருந்து இரண்டு பேர் புரொஜெக்டரோடு பஸ்ஸில் வந்தார்கள். ஏதோ ஒரு தூர தேசத்துப் போரில் மாட்டிய குழந்தைகளைப் பற்றிய படம். பள்ளிக்கூடத்தில் ஓடு ஒழுகியது, அதனால் சனிக்கிழமை மத்தியானம் எங்கள் கம்பெனி கட்டிங் ஹாலில் காட்டுவதாக ஏற்பாடு. ஜன்னலுக்கெல்லாம் அட்டைப்பெட்டி வைத்து அடைத்து இருட்டாக்கினார்கள். அப்போதுதான் தெரிந்தது, பஸ் மேலே போட்டுவந்த திரை மழையில் நனைந்து சேறாகிக் கிடந்தது.

படம் நடக்காதோ என்று டீச்சர் கையைப் பிசைந்தார். பெரியப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“திருப்பூருக்கு வந்துட்டுக் கட்டித் தொங்கவுட ஒரு துணி கெடைக்கலைன்னு திரும்பிப் போனா, நாளைக்கு எம் மூஞ்சியில எவன் முழிப்பான்?” என்றார்.

நன்றாக வெளுத்த பனியன் துணியில் ஒரு ரோலைப் பிரிக்கச் சொன்னார். மாஸ்டர் திருநெல்வேலிக்காரர், இரண்டு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். “முதலாளி, இது இழுவைத் துணிலா. ஓரமும் சுருண்டுக்கிடும்.” முதலாளி காதில் வாங்கவில்லை. சுருக்கம் தெரியக்கூடாதென்று அடியில் நாலு செங்கல்லைக் கட்டித் தொங்கவிடச் சொன்னார். வேறு ஊரில் ஒரு வேட்டியைக் கட்டியிருப்பார்கள், காரியம் முடிந்திருக்கும்.

படம் ஆரம்பித்தது. முதல் பத்து நிமிடம் எல்லோரும் பயபக்தியோடு பார்த்தோம். டீச்சர் பக்கத்தில் நின்று இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு செங்கல் தன் வேலையைக் காட்டியது. துணி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கித் தரையைத் தொட்டது. இரண்டு ஓரமும் பாயைச் சுருட்டுவதுபோல் உள்பக்கம் சுருள ஆரம்பித்தன. சிப்பாய்கள் வரிசையாக ஒரு சுருளுக்குள்ளிருந்து வந்து இன்னொரு சுருளுக்குள் போனார்கள். புழுக்கத்துக்குப் பெரியப்பா ஃபேனைப் போடச் சொன்னார். காற்று பட்டதும் துணி உப்பியது. ஒரு தளபதி வந்து ஆணையிட்டார், அவருக்கு வயிறு முன்னால் வந்து பின்னால் போனது. பீரங்கி வண்டிக்கு மாசம் நிரம்பியதுபோல் இருந்தது. முதலில் ஒரு மூலையில் யாரோ களுக்கென்றார்கள். அப்புறம் ஹாலே சிரித்தது. டீச்சர், இந்தக் குழந்தைகள் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று கண்ணீரோடு சொல்கிறார், திரையில் அந்தக் குழந்தைகளின் கன்னம் காற்றில் புசுபுசுவென்று உப்புகிறது. தையல்காரப் பெண்கள் வேறு தொழில் புத்தியை விடவில்லை. அந்தப் பையன் சட்டைக்குக் கழுத்து ரிப் தளர்ந்துபோச்சு பாருங்க, இந்தப் பிள்ளைக்குப் பக்கத் தையல் பிரிஞ்சிருக்குதுங்க என்று திரையைத் தரப் பரிசோதனை செய்துகொண்டிருந்தார்கள். முன்வரிசையில் கைவைத்த நாற்காலியில் பெரியப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாற்காலியும் குலுங்கியது.

அந்தத் தாயையும் மகளையும் டீச்சர் முதல்வரிசையிலேயே உட்காரவைத்திருந்தார். நேரில் பார்த்தவர்கள், படம் முடிந்ததும் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று எண்ணம். நல்ல மனசுதான். ஆனால் அதைவிடக் கெட்ட யோசனை ஒன்றை நான் பிறகு கேள்விப்பட்டதில்லை.

படத்தில் விமானச் சத்தம் வந்தது. தகரக் கூரையில் பட்டு அது நிஜ விமானத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. நாங்கள் பிள்ளைகளெல்லாம் பழக்க தோஷத்தில் எழுந்து கூரையைப் பார்த்து டாட்டா காட்டினோம். திரையில் ஒரு சின்னப் பெண் பள்ளிக்கூட மேசைக்கு அடியில் போய், குப்புறப் படுத்து, இரண்டு காதையும் பொத்தி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டது. அதே நேரத்தில் முதல்வரிசையில் ஒரு இடம் காலியானது. பெரியப்பாவின் காலுக்குப் பக்கத்தில், கட்டிங் டேபிளுக்கு அடியில், எங்கள் அணியின் நிரந்தரப் பிணம் அதேபோலக் கிடந்தது. அவள் அம்மா தரையில் தவழ்ந்து அவளிடம் போனார்.

சிரிப்பு நின்றது. படம் தன்பாட்டுக்கு உப்பி உப்பி ஓடியது. பெரியப்பா திரையைப் பார்த்தார், டேபிளுக்கு அடியில் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். ஃபேனை நிறுத்தச் சொன்னார். எனக்கு அங்கேயே அழுகை வந்தது. என்னைவிட்டால் வேறு யாருக்கும் அந்த ஊக்கைப் பற்றித் தெரியாது.

ஆனாலும் பெரியப்பா தன் பேச்சை மாற்றவில்லை. ஞாயிறு போயிற்று. செவ்வாய்க்கிழமை கார்த்திகை பிறக்கிறது. திங்கட்கிழமை காலையில் நான் பள்ளிக்கூடத்துக்கு வயிற்றுவலி சொல்லிவிட்டுக் கம்பெனிக்கு வந்தேன். லைன் வீட்டு வாசலில் அந்த அம்மா துணிமணிகளை ஒரு கோணிப்பையில் திணித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பார்த்துப் பையர் வருவதாக இருந்தது. எல்லோரும் வெள்ளையும் சொள்ளையுமாக நின்றார்கள். பெரியப்பா சலவை வேட்டியில் கட்டிங் ஹாலில் உலாவிக்கொண்டிருந்தார்.

விமானம் வந்தது.

வாசலுக்கு ஓட எழுந்த தையல்காரர்களைப் பெரியப்பா ஒரு அதட்டலில் உட்காரவைத்தார். பின்வாசல் வழியாக அந்தப் பிள்ளை ஓடிவந்து டேபிளுக்கு அடியில் புகுந்தது. பெரியப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். முட்டி போட்டார். பிறகு என் பெரியப்பா, கம்பெனி முதலாளி, கட்டிங் டேபிளுக்கு அடியில் தலையை நுழைத்தார். தலை போனது, தோள் போனது, வயிறு குறுக்குச் சட்டத்தில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகமுடியவில்லை, பின்னாலும் வரமுடியவில்லை.

நான் மறுபக்கமாக நுழைந்து அவர் முகத்துக்கு எதிரே உட்கார்ந்தேன். அவருடைய இரண்டு கையும் நெஞ்சுக்கு அடியில் சிக்கியிருந்தன. என்னை அடிக்க வழியே இல்லாத நிலையில் அவரை நான் பார்த்தது அன்றைக்கு ஒருநாள்தான். இதைவிட்டால் வேளை கிடைக்காது என்று தோன்றியது.

“பெரியப்பா, அன்னைக்குத் துணிய இழுத்தது நானுங்க. ஏரோப்ளேன் பாக்க ஓடறப்ப ஊக்கு மாட்டிக்கிச்சுங்க. அவ இல்லீங்க” என்றேன்.

அவர் கண் என்மேல் நின்றது. “வெளிய வந்து உனக்கு வெச்சுக்கறேன்” என்றார். குரலில் பலமில்லை. விமானம் சரியாகத் தலைக்கு மேலே வந்திருந்தது, டேபிள் பலகை அதிர்ந்தது. மாட்டிக்கொண்டதில் அவருக்கு மூச்சு வாங்கியது, நெற்றியெல்லாம் வேர்வை. பெரிய உடம்பு கிடந்து நடுங்கியது.

அந்தப் பிள்ளை காதிலிருந்து கையை எடுத்தது. அவரைப் பார்த்தது. நகர்ந்து வந்து அவருடைய வழுக்கைத் தலையில் உள்ளங்கையை வைத்துத் தடவியது. சத்தம் தேய்ந்துபோகும்வரை தடவிக்கொண்டே இருந்தது. பிறகு அவர் காதருகில் குனிந்து, வந்த நாளிலிருந்து நாங்கள் கேட்காத குரலில் சொன்னது.

“பயப்பிடாதேங்கோ. போயிட்டுது.”

பெரியப்பா கிடந்தபடியே தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

“செரிங்க சாமி” என்றார்.

பையர் அந்த நேரத்தில்தான் வந்து வாசலில் நின்றார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் டேபிளுக்கு வெளியே இருந்த முதலாளியின் பின்பாதி மட்டும். மாஸ்டர் அசரவில்லை. “ஓனர் டேபிள் செக்கிங், சார்” என்றார். பையர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். மூன்று பேர் சேர்ந்து காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள். வெளியே வந்தும் அவர் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நேராக லைன் வீட்டுக்குப் போய், கோணிப்பையைப் பிரிக்கச் சொல்லி, ஊட்டைக் காலி பண்ண வேண்டாமுங்க என்று அந்த அம்மாவிடம் சொன்னார். அன்றிலிருந்து அந்த டேபிளுக்கு அடியில் யாரும் ரோல் வைக்கக்கூடாது என்று உத்தரவு. அங்கே ஒரு பாய் மட்டும் கிடந்தது. விமானம் வந்தால் எங்களில் யாராவது ஒருவர் அவளோடு உள்ளே போய் உட்காருவோம். அண்ணாந்து பார்க்கிற வழக்கம் கம்பெனியில் அத்தோடு நின்றுபோனது.

இரண்டு வருடம் இருந்தார்கள். அப்புறம் மாமா ஒருவர் கூப்பிட்டு ஏதோ குளிர்தேசத்துக்குப் போனார்கள். அப்பா வரவே இல்லை. தோள் ஏறிய பனியன்களைப் பெரியப்பா முகாமுக்கு அனுப்பிவைத்தார். அங்கிருந்து ஒரு போட்டோ வந்தது. நாலு வரிசையில் பிள்ளைகள், அத்தனை பேருக்கும் இடது தோள் மேலே. என்ன கேட்டாலும் ‘யாருக்குத் தெரியும்’ என்று தோளைத் தூக்கிக் காட்டுகிறவர்கள் மாதிரி நின்றார்கள். பெரியப்பா அதைக் கண்ணாடி போட்டு ஆபீஸில் மாட்டியிருந்தார். கம்பெனியை இடித்துக் கட்டியபோது எங்கே போனதோ தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் ஒரு பையனுக்குப் பனியன் ஒரு பக்கம் ஏறியிருந்தது. அதைப் பார்த்துத்தான் சிரித்தேன். பிற்பாதியில் விமானம் வந்தது. இப்போதெல்லாம் தியேட்டரில் சத்தம் இருக்கைக்கு அடியிலிருந்தே வருகிறது. திரையில் பிள்ளைகள் மேசைக்கு அடியில் ஓடின. நான் எழுந்து நின்றுவிட்டேன். எழுந்து நின்று, எங்கள் ஊர்த் தமிழில் இல்லை, அவளுடைய தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி, “பயப்பிடாதேங்கோ. போயிட்டுது” என்றேன்.

முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மகள் என் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அம்மா, அது படம்மா என்றாள் காதோடு.

தெரியும் கண்ணு என்றேன். உட்கார்ந்த பிறகும் சத்தம் போகவில்லை.